நல்ல குடும்பத்துப் பெண்

வடிவு என்று மட்டும் சொன்னால் காஞ்சிபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எய்ட்ஸ் வடிவு என்றால் தெரியும். அந்தப் பெயரைக் கேட்டு அவள் முகம் சுளித்த காலமெல்லாம் போய்விட்டது. வருஷா வருஷம் டிசம்பர் முதல் தேதி பேரணியில் முன்வரிசையில் நடப்பாள். மைக்கைக் கொடுத்தால், "எனக்கு எச்.ஐ.வி இருக்குது, இருபது வருஷமா இருக்குது, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று தொடங்குவாள். கல்லூரிப் பிள்ளைகள் கை தட்டுவார்கள். தைரியசாலி என்று பொன்னாடை போர்த்துவார்கள். தைரியம் எல்லாம் ஒன்றுமில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மறைப்பதற்கு அவளிடம் எதையும் மிச்சம் வைக்காமல் போய்விட்டார்கள், அவ்வளவுதான்.

தாமலில் கூலி வேலைக் குடும்பத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்ட ராமராஜன் போர்வெல் வண்டியில் வேலை பார்த்தான். ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் போய்விடுவான். கடைசியாக வந்தபோது இருமலோடு வந்தான். எலும்பும் தோலுமாகி, என்ன நோய் என்று வீட்டார் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்தான். அப்போது அவர்கள் மகள் தீபிகா இடுப்புக் குழந்தை. குழந்தைக்கு எடுத்த பரிசோதனையில் ஒன்றுமில்லை. வடிவுக்கு இருந்தது. அதைத் தன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த ஒரு காலை நேரத்தில் தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் சிரித்த முகத்தோடு பெட்டிக்கடையில் கேட்டான்: "இங்க எச்.ஐ.வி வந்த பொண்ணு, வடிவுன்னு பேரு, வீடு எதுங்க? சத்துமாவு குடுக்கணும்."

அன்று சாயங்காலம் குழாயடியில் அவள் குடத்தை வைத்ததும் மற்றப் பெண்கள் தங்கள் குடங்களைத் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அந்த ஜீப் ஆளை அவள் சபிக்காத நாளில்லை. அவன் பெயர் கூட அவளுக்குத் தெரியாது. முகம் மட்டும் மறக்கவில்லை.

பிற்பாடு மாத்திரை வந்தது, உடம்பு தேறியது. காஞ்சிபுரத்துக்கே குடிவந்து, அந்த நோயோடு இருக்கும் பெண்களுக்கான சங்கத்தில் சேர்ந்து, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது, மாத்திரையை விட்டவர்களைத் தேடிப் பேசி மறுபடி ஆரம்பிக்க வைப்பது என்று காலம் ஓடியது. சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்து உள்ளூரில் ஆள் தேடியபோது எல்லோரும் அவள் பெயரைத்தான் சொன்னார்கள்.

ஆராய்ச்சி என்றால் ரத்தம் எடுப்பதோ ஊசி போடுவதோ இல்லை. எச்.ஐ.வியோடு வாழ்கிற பெண்கள் அதை யாரிடம் சொல்கிறார்கள், யாரிடம் மறைக்கிறார்கள், சொன்னதால் என்ன ஆயிற்று, மறைப்பதால் என்ன ஆகிறது என்று உட்கார்ந்து கேட்பது. ஒரே பெண்ணைச் சில மாதம் விட்டு மறுபடி மறுபடி வரவழைத்துப் பேசுவார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் அதற்காக அறை எடுத்திருந்தார்கள். பலகை எதுவும் மாட்டவில்லை. படியேறி வருகிறவர்களைப் பார்த்தால் கண் பரிசோதனைக்குப் போகிறார்கள் என்றுதான் தோன்றும். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் சாமுவேல். அதிர்ந்து பேசாத மனிதர்.

வடிவு எதிரே உட்கார்ந்தால் யாரும் வாய் திறந்துவிடுவார்கள். முதலில் தன் கதையைச் சொல்வாள். பிறகு பேச்சு வெளியே கேட்காதபடி ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுச் சும்மா இருப்பாள். எதிரே இருப்பவள் தானாகப் பேச ஆரம்பிப்பாள். எல்லாம் முடிந்து அவர்கள் எழும்போது, பயிற்சியில் கற்றுக்கொடுத்த ஒன்றைத் தவறாமல் சொல்லி அனுப்புவாள்: "வெளியில எங்கனா என்னப் பாத்தா, நான் உன்னத் தெரியாத மாதிரிப் போயிடுவேன். கோச்சுக்காத. நீயா வந்து பேசினாத்தான் நான் பேசுவேன். என் மூஞ்சி ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சிமா."

ஃபிர்தௌஸிடமும் அப்படித்தான் சொன்னாள்.

ஃபிர்தௌஸ் கல்யாண ரவிக்கைகளில் மணியும் ஜரிகையும் கோத்து ஆரி வேலை செய்து கொடுக்கிற பெண். முப்பது வயதிருக்கும். கணவன் கலீம் பட்டுச்சேலைக் கடைகளுக்கு அட்டைப்பெட்டி சப்ளை செய்கிறான். சவுதியில் வேலைக்கு என்று மெடிக்கல் பரிசோதனைக்குப் போனபோதுதான் அவனுக்கு இருப்பது தெரிந்தது. பிறகு அவளுக்கும். மகள் ரூக்ஷாருக்கு இல்லை. வீட்டில் கலீமுக்கு சுகர் என்று சொல்லி, அதனால்தான் விசா கிடைக்கவில்லை என்று நம்ப வைத்திருந்தார்கள். கீழ் வீட்டில் கலீமின் அக்கா ஜஹனாரா. தாய் இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அவளை ஃபிர்தௌஸ் ஆப்பா என்று கூப்பிடுவாள்.

"ஆப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதாங்க்கா. என் மாத்திரைய மணி வைக்கிற டப்பாவுல அடியில போட்டு வெச்சிருக்கேன். பெருநாளைக்கி ஆப்பா இவருக்குன்னு சக்கரை இல்லாம தனியா சேமியா செய்றாங்க. இவரும் தலையக் குனிஞ்சிக்கினு சாப்பிடுறார். எனக்குத் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

வடிவு அதைக் கேட்டுக்கொண்டாள். அந்த வீட்டை ஆட்டிப்படைக்கிற ஒரு கடுமையான பெண்மணியின் உருவம் அவள் மனதில் பதிந்துபோயிற்று.

எய்ட்ஸ் தினம் முடிந்து சில நாட்கள் இருக்கும். வடிவு ரவிக்கைத் துணி எடுக்க மேட்சிங் சென்டருக்குப் போனாள். கடையில் நல்ல கூட்டம். லைனிங் துணி அடுக்கின் ஓரத்தில் ஃபிர்தௌஸ் நின்றிருந்தாள். போன முறை வந்தபோது ரூக்ஷாருக்கு அம்மை போட்டிருந்தது என்று அழுதுவிட்டுப் போனவள். அந்தக் கவலை வடிவுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

"என்னம்மா, பொண்ணுக்கு அம்மை இறங்கிடுச்சா?"

ஃபிர்தௌஸின் முகம் வெளுத்ததைப் பார்த்த பிறகுதான் வடிவுக்குத் தான் செய்தது உறைத்தது. பக்கத்தில் கறுப்பு புர்காவில் நின்ற ஒரு அம்மாள் இவளைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ தவறாக நினைத்துவிட்டேன், வேறு யாரோ என்று சொல்லி நழுவியிருக்கலாம். அதற்குள் கல்லாவில் இருந்த பெண் உற்சாகமாகக் குரல் கொடுத்தாள்.

"அக்கா, உங்கள லோக்கல் சேனல்ல பாத்தேங்க்கா! எய்ட்ஸ் பத்தி இன்னாமாப் பேசுனீங்க! எங்கம்மா கூட சொன்னாங்க, அந்தம்மாவுக்கே இருக்குதாமே, எவ்ளோ தைரியம்னு."

கடையே திரும்பிப் பார்த்தது. புர்கா அணிந்த அம்மாளின் கண்கள் வடிவிடமிருந்து ஃபிர்தௌஸுக்குப் போயின. அங்கேயே சற்று நேரம் நின்றன. "ஆப்பா, போலாமா" என்று ஃபிர்தௌஸ் சொன்னது வடிவுக்குக் கேட்டது. அவர்கள் எடுத்த துணியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

வடிவு எந்தத் துணியும் வாங்கவில்லை. நேராக மாடி அறைக்குப் போய் சாமுவேலிடம் சொன்னாள். அவர் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க நல்லதுக்குத்தான கேட்டீங்க."

"ஜீப்ல வந்தவனும் நல்லதுக்குத்தான் சார் வந்தான்."

இத்தனை வருஷத்தில் அந்த ஆளைப் பற்றி அவள் அப்படி நினைத்ததே இல்லை. சத்துமாவுப் பையோடு சிரித்துக்கொண்டு நின்ற அந்த முகத்தில் இப்போது தன் முகம் தெரிந்தது. அவன் தன் வேலையை ஆசையோடு செய்தவனாகக்கூட இருந்திருக்கலாம்.

"நான் போயி அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வரட்டுமா?"

"போகாதீங்கமா. நீங்க அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சாலே இன்னும் கெட்டுடும். போனும் பண்ண வேணாம். போன் யார் கையில இருக்குதோ. அவங்களா வரட்டும். நான் மேல சொல்றேன், சொல்லியாகணும்."

அது உண்மைதான். தவறு செய்தவள் போய்க் காலில் விழக்கூட வழியில்லாத தவறு அது. அவள் நிழல் பட்டாலே அந்த வீட்டுக்குச் சேதம். வடிவு அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டாள். பஸ்ஸில் புர்கா அணிந்த யாரைப் பார்த்தாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஃபிர்தௌஸ் அடுத்த பேச்சுக்கு வரவேண்டிய நாள் வந்து போனது. அவள் வரவில்லை. ஆர்டர்கள் நின்றிருக்குமோ, வீட்டை விட்டு அனுப்பியிருப்பார்களோ, மகளைப் பள்ளியில் ஏதாவது சொல்லியிருப்பார்களோ என்று வடிவின் மனம் ஒன்று மாற்றி ஒன்றாகக் கற்பனை செய்து தின்றுகொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தீபிகா வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த நாள். ஒரகடத்துக் கம்பெனியில் வேலை செய்கிறவள், வாரத்துக்கு ஒரு நாள்தான் லீவு. சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது ஜஹனாரா, மேட்சிங் சென்டரில் பார்த்த அதே அம்மாள்.

"நீங்கதான வடிவு?"

"ஆமாங்கம்மா. வாங்க, உக்காருங்க."

ஜஹனாரா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. கையில் ஒரு கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"எங்க தம்பி சம்சாரம் ஃபிர்தௌஸ். அவள உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"ப்ளவுஸ்ல ஆரி வேலை செய்யக் குடுத்தேம்மா. எம் பொண்ணுக்கு."

"அவகிட்ட வர்ற ஆர்டர் எல்லாம் என் வாசலத் தாண்டித்தான் மாடிக்குப் போவுது. உங்கள நான் பாத்ததில்லியே."

"தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி வாங்கிக்கினு போயிக் குடுத்தா."

ஜஹனாரா சமையலறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் நேராவே கேக்குறேம்மா. உங்களுக்கு இருக்குற அது, அவளுக்கும் இருக்குதா? எங்க தம்பிக்கும் இருக்குதா?"

இப்படி யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வடிவுக்குப் பாடமே எடுத்திருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவளே அந்தப் பாடத்தை எடுத்திருக்கிறாள். 'யாரைப் பத்தியும் நான் எதுவும் சொல்றதில்ல, அவங்களையே கேளுங்க.' அவ்வளவுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் அப்படிச் சொன்னால் ஆமாம் என்று சொன்னதாகத்தான் ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது. மேட்சிங் சென்டரில் அவள் உடைத்ததை இங்கேயே ஒட்டவைத்துவிட ஒரு வழி எதிரில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்ததோடு நிற்காமல் இழுத்துக்கொண்டே போனாள்.

"சீச்சீ! என்னம்மா இப்டிக் கேட்டுட்டீங்க! அதெல்லாம் எங்கள மாதிரி ஆளுங்களுக்கு வர்றதும்மா. என் வீட்டுக்காரர் ஊர் ஊராப் போயி எங்கெங்கயோ விழுந்து வாங்கிக்கினு வந்தாரு. அது நல்ல குடும்பத்துப் பொண்ணு. தலை நிமிந்து பேசாத பொண்ணு. அதுக்குப் போயி இதெல்லாம் வருமா? அந்த வார்த்தையே நீங்க வாயில எடுக்கக் கூடாது."

ஜஹனாராவின் கையில் கைக்குட்டை அசையாமல் நின்றது. கண்ணை மூடித் திறந்தாள். தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். இன்னும் ஏதோ கேட்க வந்தவள் போல வாசலில் நின்றாள். கேட்கவில்லை. "அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

வடிவுக்கு முதலில் மலையை இறக்கி வைத்தது போலிருந்தது. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தீபிகா மீனை விட்டுவிட்டு, ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா, அப்ப நாம?"

"இன்னா?"

"நாம நல்ல குடும்பம் இல்லியா?"

"அந்தப் பொண்ணக் காப்பாத்தணும்னு சொன்னேன்டி. வாய்க்கு வந்தது."

"தெரியுது. ஆனா யோசிச்சுச் சொன்ன மாதிரி இல்ல. ரெடியா இருந்த மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு தீபிகா மறுபடி மீனைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் கோபப்படவில்லை. அதுதான் வடிவை அறுத்தது.

இருபது வருஷமாக மேடை மேடையாக ஏறி, இது யாருக்கும் வரலாம், இதில் நல்ல குடும்பம் கெட்ட குடும்பம் இல்லை என்று கத்தியவள் அவள். அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள் தீபிகா. அத்தனையும் ஒருத்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டதும் காற்றோடு போய், குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்த பெண்கள் பேசிய அதே பேச்சு தன் வாயிலிருந்து எப்படி வந்தது? செத்துப்போன ராமராஜனையும் சேர்த்துக் கேவலப்படுத்தியாயிற்று. அன்று மீன்குழம்பில் உப்பு இருந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொங்கல் கழிந்து ஃபிர்தௌஸ் மாடி அறைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். சாமுவேல் வேறு ஒருவரைப் பேசச் சொல்லலாமா என்று கேட்டார். வேண்டாம், வடிவு அக்காவையே பார்க்க வேண்டும் என்றாள். கதவைச் சாத்தியதும் வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மன்னிச்சிடும்மா. கடையில நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது."

"அத விடுங்க்கா. ஆப்பா உங்க வீட்டுக்கு வந்தாங்களா?"

"வந்தாங்க. எதுவும் தெரியாதபடி நான் சமாளிச்சு அனுப்பிட்டேன்."

ஃபிர்தௌஸ் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"கடையில நீங்க பேசினப்ப எனக்கு உயிரே போயிடுச்சுக்கா. வீட்டுக்கு வந்து ரெண்டு பேரும் அழுதோம். அப்புறம் ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு. எப்டியும் தெரியப்போவுது, நாமளே சொல்லிடலாம்னு அவர்கிட்ட சொன்னேன். அவரும் சரின்னார். ஆப்பா ஒண்ணும் கேக்கல. ஆனா அவங்களுக்கு முன்னயே சந்தேகம் இருந்திருக்குது. சுகர்னு சொல்றான், ஒரு நாளும் சுகர் மாத்திரைய நான் பாத்ததில்லன்னு எங்கிட்டயே ஒருதரம் சொன்னாங்க. உங்க வீட்டுக்கு வந்த அன்னைக்கிக் காலைல, நான் அந்தம்மாவப் போயிப் பாத்துட்டு வரேன், வந்ததும் எங்கூட உக்காருன்னாங்க. நான் தயாரா உக்காந்துக்கினு இருந்தேன்."

வடிவுக்குப் புரிய ஆரம்பித்தது. புரிய வேண்டாம் என்று இருந்தது.

"வந்தவங்க என்னக் கட்டிப்புடிச்சி அழுதாங்க. உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேனே, மன்னிச்சிடுன்னாங்க. அந்தம்மாவே சொல்லிட்டாங்க, அது நல்ல குடும்பத்துக்கு வர்ற நோய் இல்லியாம்னாங்க." ஃபிர்தௌஸ் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அதுக்கு மேல நான் எப்டிக்கா சொல்லுவேன்? சொன்னா நான் என்ன ஆவேன்?"

"அவங்க இன்னா பண்ணணும்னு எங்கிட்ட வந்தாங்க?"

"மருந்து எப்டி, சாப்பாடு எப்டி, பத்தியம் இருக்குதான்னு கேக்கத்தான் வந்தாங்களாம். உங்களப் பாத்தா நல்லா இருக்கீங்களே, நீங்க எப்டி இருக்கீங்கன்னு தெரிஞ்சிக்கினா, எங்க தம்பியும் இருப்பான்னு ஒரு நம்பிக்கைல வந்திருக்காங்க. அவங்களே எங்கிட்ட சொல்லி சிரிச்சாங்க, பைத்தியக்காரி மாதிரிப் போனேன்னு."

வாசலில் நின்று ஏதோ கேட்க வந்து கேட்காமல் போன முகம் வடிவின் கண்முன் வந்தது. உதவி தேடி அவள் வீடு வரை வந்த ஒருத்தியை, கேட்க வந்ததைக் கேட்க விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஆட்டிப்படைக்கிற நாத்தனார் என்று தானாகவே முடிவு கட்டி வைத்திருந்தாள். தம்பிக்காகச் சர்க்கரை இல்லாமல் தனியே சமைக்கிற ஒரு அக்காவை அவள் கடைசிவரை பார்க்கவே இல்லை.

"நான் வந்து சொல்லட்டுமாம்மா? நான் பொய் சொன்னேன்னு?"

"வேணாங்க்கா." ஃபிர்தௌஸ் எழுந்துவிட்டாள். "நீங்க இனிமே எதுவும் சொல்லாதீங்க."

அன்றே வடிவு சாமுவேலிடம் இரண்டாவதையும் சொன்னாள். சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னாள். சென்னைக்குத் தகவல் போனது. அங்கிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பொறுமையாகப் பேசினார். கொஞ்ச காலம் வடிவு யாரையும் பேட்டி எடுக்க வேண்டாம், மற்ற வேலைகளைப் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. திட்டுவார்கள், வேலையை விட்டே எடுப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தவளுக்கு அது போதவில்லை. அந்த வருஷம் டிசம்பரில் பேச வரச் சொன்னபோது தொண்டை சரியில்லை என்றாள்.

விஷயம் வெளியே வந்தது அதற்கடுத்த பக்ரீத் முடிந்த பிறகு. ஜஹனாரா தம்பியின் சுகருக்கு வேலூரில் ஒரு பெரிய டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள். கூடவே வருவேன் என்று கிளம்பி நின்றாள். கலீமால் அதற்கு மேல் முடியவில்லை. அக்காவின் எதிரில் தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டான். ஜஹனாரா அழவில்லை. இத்தனை நாள் என்னைப் பைத்தியமாக்கி வைத்திருந்தீர்களா என்று கேட்டுவிட்டுத் தம்பியிடம் பல நாள் பேசாமல் இருந்தாள். ஃபிர்தௌஸிடம் மட்டும் ஒருநாள் மாடியேறி வந்து, மாத்திரையை மணி டப்பாவில் வைக்காதே, ஊசி கிடக்கிற இடம், அலமாரியில் வை என்றாள். இதையெல்லாம் ஃபிர்தௌஸ் சாமுவேலிடம் சொல்லி, வடிவுக்கும் தெரியப்படுத்தச் சொல்லியிருந்தாள்.

ஆராய்ச்சியின் அடுத்த கட்டத்தில் விருப்பமுள்ள குடும்பத்தாரிடமும் பேசினார்கள். ஃபிர்தௌஸ் ஜஹனாராவை அழைத்து வந்தாள். வடிவு அப்போது மறுபடி பேட்டி எடுக்க ஆரம்பித்திருந்தாள். படியேறி வந்த ஜஹனாரா மூச்சு வாங்க நின்று அவளைப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை.

"நான் பேசுறேன் சார்" என்று சாமுவேலிடம் சொன்னாள். "ஆனா இவங்ககிட்ட இல்ல. வேற யாராவது இருந்தா உக்காரச் சொல்லுங்க."

ஃபிர்தௌஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜஹனாரா அவளைக் கையமர்த்திவிட்டு வடிவிடமே சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் உங்க வீட்டுக்கு உண்மை கேக்கத்தான் வந்தேன்."

"தப்பா எடுத்துக்கல. நீங்க சொல்றது சரிதாம்மா" என்றாள் வடிவு.

கலையரசி என்கிற புதுப் பெண் உள்ளே போய் உட்கார்ந்தாள். வடிவு ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். ஃபிர்தௌஸ் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ஜஹனாராவின் குரல் தொடங்கியது. வார்த்தைகள் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தன் வீட்டில் பேசியிருக்க வேண்டிய பேச்சு இது என்று வடிவுக்குத் தோன்றியது. கீழே கடையில் டீ சொல்லிவிட்டு வரலாம் என்று எழுந்து படியிறங்கினாள்.